குறைக்கத் தெரிந்த கை

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால், கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். ட்ரன்னியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை இந்தத் துண்டுக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழலும். திருச்சி தென்னூரில் ஹெரால்ட் வண்டிகளில் கை பழகிய மூத்த மெக்கானிக் ஒருவர் கழற்றிப் போட்டிருந்த ஒரு ஜோடியை எனக்குக் காட்டினார். "தம்பி, இதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் விடணும். ஆயில் வத்திப்போச்சுன்னா தண்ணி இறங்கும், மரையில துரு ஏறும். அப்புறம் ஒரு நாள் திருப்பத்துல தண்டு முறிஞ்சு சக்கரம் படுத்துடும்" என்றார். பேசிக்கொண்டே மரையின் ஓரத்தை விரல் நகத்தால் வருடித் தேய்மானம் பார்த்தார். இரண்டில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். அது இனி ஆகாது.

இதே வகைத் தண்டும் ட்ரன்னியனும்தான் இங்கிலாந்தின் லோட்டஸ் எலான் காரின் முன்சக்கரங்களையும் தாங்கின. 1962இல் வெளிவந்த எலான், உலகின் மிகச் சிறந்த இலகுரக ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று என்று இன்றும் பேசப்படுவது. அதன் ஸ்டியரிங் ரேக்கும் நம் ஹெரால்டின் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டின் வழி வந்ததுதான். 1960இல் வந்த இரண்டாம் வரிசை லோட்டஸ் செவன் காரின் பின் அச்சு, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் 'கம்பானியன்' வண்டியிலிருந்து எடுத்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்து ஸ்டாண்டர்ட் வண்டிகளைச் செய்த நமக்கும் லோட்டஸுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. அந்த உறவை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம். அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் 1928இல் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தார். படிக்கும்போதே பழைய கார்களை வாங்கி விற்றார். 1947இல் பிரிட்டிஷ் அரசு சொந்தக் கார்களுக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. கார்களை வாங்க ஆளில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டது போக ஒரு பழைய ஆஸ்டின் செவன் மட்டும் கையில் மிஞ்சியது. 747 சிசி எஞ்சின் கொண்ட சின்னஞ்சிறு கார் அது. விற்க முடியாத அந்த வண்டியைப் பின்னாளில் தன் மனைவியான ஹேசலின் வீட்டு கராஜில் வைத்துப் பிரித்தார். உடலைக் கழற்றி எறிந்துவிட்டு ஒட்டுப்பலகையால் புதிதாக ஒன்று செய்தார். 1948இல் தயாரான அந்த வண்டிதான் முதல் லோட்டஸ். 1952இல், லண்டனின் ஹார்ன்ஸியில் தந்தை நடத்திய ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு ஹேசல் தந்த முதல் 25 பவுண்டு.

சாப்மன் கார் பொறியாளராகப் படித்தவர் அல்ல, கட்டடத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்று கணக்குப் போடப் படித்தவர். காரையும் அப்படியே பார்த்தார். அன்றைய கார்கள் கனத்த இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிவைத்தவை. சாப்மன் தன் ஆறாம் மாதிரிக் காருக்கு மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கூண்டு போன்ற ஒரு சட்டம் செய்தார். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை 1987 குடமுழுக்குக்குக் கட்டி முடித்த நாட்களில் அதைச் சுற்றி நின்ற சாரத்தை நினைத்துக்கொண்டால் இதன் சூட்சுமம் புரிந்துவிடும். சாரம் கட்டுகிறவர் நெட்டுக்கும் படுக்கைக்கும் கழி வைத்துவிட்டு, இடையிடையே ஒரு கழியைக் குறுக்கே சாய்த்துக் கட்டுவார். நான்கு மூலைச் சட்டம் ஆடும், மூன்று மூலைச் சட்டம் ஆடாது. குறுக்குக் கழி இருப்பதால்தான் மெல்லிய கழிகள் அத்தனை ஆட்களையும் தாங்குகின்றன. லோட்டஸின் குழாய்ச் சட்டமும் அந்த முக்கோணத்தின் பலத்தில் நின்றது. வெறும் சட்டத்தின் எடை 25 கிலோதான். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எளிதாகத் தூக்கிவிடலாம்.

எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்த்தால் சாப்மனின் பிடிவாதம் விளங்கும். எஞ்சினின் சக்தியைக் கூட்டினால் வண்டி நேர்ச்சாலையில் மட்டும்தான் விரையும். எடையைக் குறைத்தால் புறப்படும்போது விரையும், வளைவில் விரையும், பிரேக் பிடித்தால் சீக்கிரம் நிற்கும். டயர் குறைவாகத் தேயும், பெட்ரோல் குறைவாகச் செலவாகும். எடை குறைந்த வண்டிக்குச் சிறிய பிரேக் போதும், மெல்லிய ஸ்பிரிங் போதும். அவையும் எடையைக் குறைக்கும். ஒரு கிலோவை எடுத்தால் அதன் பின்னால் இன்னும் சில கிராம்கள் தாமாகவே கழன்றுவரும். முதலில் எளிமையாக்கு, பிறகு இலகுவாக்கு என்பதே சாப்மனின் கொள்கை என்று சொல்வார்கள்.

அவருடைய ஆரம்ப வாடிக்கையாளர்கள் பணக்காரர்கள் அல்லர். முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. 1957இல் வந்த லோட்டஸ் செவன் இப்படித்தான் பெட்டிகளில் போய்ச் சேர்ந்தது. சனி ஞாயிறுகளில் கராஜில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு முடுக்கிய இளைஞர்கள், அதே காரில் அடுத்த வாரம் பந்தயத்துக்குப் போனார்கள். 1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்து இந்தச் சலுகை போனபோது, செவனைச் செய்யும் உரிமையைச் சாப்மன் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு விற்றார். அவர்கள் இன்றும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பந்தயத் தடத்தில் லோட்டஸ் செய்ததை விரித்தால் ஒரு புத்தகம் ஆகும். 1962இல் வந்த லோட்டஸ் 25, ஃபார்முலா ஒன்னில் சட்டம் தனி உடல் தனி என்பதையே ஒழித்தது. விமானத்தைப் போல மேல்தகடே பாரத்தைத் தாங்கியது. 1963இல் அதில் ஜிம் கிளார்க் 10 பந்தயங்களில் 7ஐ வென்றார். 1967இல் லோட்டஸ் 49இல் எஞ்சினையே சட்டத்தின் ஒரு பகுதியாக்கி, அதன் பின்னால் இருக்க வேண்டிய இரும்பை எடுத்துவிட்டார்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை கொடுத்தால் இன்னொரு பாகம் தேவையில்லை. 1963 தொடங்கி 1978 வரை லோட்டஸ் 7 முறை ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டம் வென்றது.

இந்த வெற்றிகளுக்கு மனிதர்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது. 1960இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சக்கரம் கழன்றது. மாஸின் இரண்டு கால்களும் முறிந்தன. 1968 ஏப்ரலில் ஜிம் கிளார்க் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் லோட்டஸ் ஓட்டும்போது இறந்தார். 1969இல் பார்சிலோனாவில் லோட்டஸ் கார்கள் இரண்டின் பின்னிறக்கைகளும் ஒரே பந்தயத்தில் உடைந்தன. அதில் காயப்பட்ட யோகன் ரின்ட், சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் கார்கள் வேகமானவை, பலவீனமான பாகங்களைக் கெட்டிப்படுத்தச் சில பவுண்டு எடையைக் கூட்டினாலும் நாம் போட்டியில் நிற்போம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, இத்தாலியின் மோன்ஸாவில் அவருடைய லோட்டஸின் முன்பக்க பிரேக் தண்டு முறிந்தது. ரின்ட் இறந்தார். அதுவரை அவர் எடுத்திருந்த புள்ளிகளை அந்த ஆண்டு வேறு யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலகச் சாம்பியன் ஆனவர் அவர் ஒருவர்தான்.

சாப்மனை நான் மதிக்கிறேன். ஆனால் ரின்ட்டின் கடிதத்தில் இருக்கும் நியாயத்தை அவருடைய எந்த வெற்றியும் அழித்துவிடவில்லை. கனத்த வண்டி அசட்டையைப் பொறுத்துக்கொள்ளும். தடித்த இரும்பில் கொஞ்சம் துரு ஏறினாலும் மிச்சம் இருப்பது தாங்கும். இலகுவான வண்டியில் உபரி எதுவும் இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் கடைசிப் பலம்வரை வேலை செய்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தேய்ந்ததை எடுத்து வைத்தாக வேண்டும். குறைக்கிறவனுக்குக் கவனம் கடமை. அந்தக் கவனத்தைத் தர முடியாத இடத்தில் குறைக்க அவனுக்கு உரிமை இல்லை.

இப்போது வண்டலூருக்கு வருவோம். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கிய நிறுவனம். 1961இல் ஹெரால்டைச் செய்ய ஆரம்பித்தது. அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்ட் பிறந்த கதையே ஒரு தட்டுப்பாட்டின் கதை. 1950களில் அதைச் செய்த இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே கூடாக அழுத்திச் செய்துகொடுக்க ஆளில்லை. எனவே பழைய முறைப்படி தனிச் சட்டம் வைத்து, சிறுசிறு ஆலைகளில் அடித்த துண்டுகளைப் போல்ட்டு போட்டுப் பூட்டும் காராக ஹெரால்டை வடிவமைத்தார்கள். இத்தாலியின் ஜியோவானி மிகெலாட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959இல் இங்கிலாந்தில் வெளியானது. துண்டு துண்டாகப் பூட்டலாம் என்பதாலேயே கப்பலில் ஏற்றித் தூரதேசங்களில் செய்யவும் தோதாக இருந்தது. சுமார் 800 கிலோ எடை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். திருச்சி சாலை ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான கார் ஏது? முன்பக்க பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னால் சாயும். மெக்கானிக் முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம்.

இதே ஹெரால்டின் சட்டத்தை நீளம் குறைத்து 1962இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் ஊரில் அதே சட்டத்தின் மேல் நான்கு கதவு வைத்த குடும்பக் கார் வந்தது. நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கென்றே செய்தது. குடும்பம் பெரிது, டாக்டரும் வக்கீலும் பின்சீட்டில் உட்காருகிறவர்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்ததை நம் தொழிற்சாலைகள் கண்டுகொள்ளவில்லை என்பதும் உண்மை.

1985இல் அதே நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் காருடைய பெரிய, அழகிய உடல். உள்ளே பழைய வான்கார்டு வழிவந்த 2 லிட்டர் எஞ்சின். கனத்த உடலை இழுக்க அந்த எஞ்சினுக்குத் தெம்பில்லை, பெட்ரோலோ தண்ணீராய்ப் போயிற்று. அதற்கு முன்பே, 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டிருந்தது. 1988இல் வண்டலூர் ஆலை மூடப்பட்டது. மெலிந்த காரைச் செய்து பெயரெடுத்த நிறுவனத்தைக் கனத்த கார் ஒன்று மூழ்கடித்தது.

மாருதி 800இன் எஞ்சினை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஒருவர் சாப்மனின் பாதையில் நடந்தார். சுந்தரம் கரிவரதன். 1954இல் பிறந்தவர், கோவையின் பஞ்சாலைத் தொழில் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தில் பந்தயம் ஓட்டினார். சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். இங்கிலாந்தின் பந்தயத் தடமான சில்வர்ஸ்டோனும் அப்படி ஒரு விமானதளம்தான். 1966இல் லோட்டஸ் ஆலை குடியேறிய நார்ஃபக்கின் ஹெதலும் அப்படியே. போர் விட்டுச்சென்ற சிமென்ட் தரையில்தான் அங்கும் இங்கும் பந்தயம் வளர்ந்தது.

சோழவரத்தில் ஓடியவை பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் எஞ்சின்களைத் திருத்திச் செய்தவை. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் இறக்குமதி செய்ய வசதி படைத்தவர்களுக்கே அரிதாகத்தான் வாய்த்தது. திறமை இருந்தும் கார் இல்லாத இளைஞர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். கரிவரதன் அவர்களுக்காக யோசித்தார். 1988இல், 796 சிசி மாருதி எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் இலகுவான பந்தயக் காரை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர் நிலைத்தது. சக்தி குறைந்த எஞ்சின், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார். எனவே வெற்றியை ஓட்டுகிறவரின் கை முடிவுசெய்தது. 747 சிசி ஆஸ்டினிலிருந்து சாப்மன் தொடங்கினார், 796 சிசி மாருதியிலிருந்து கரிவரதன் தொடங்கினார். இரண்டும் அந்தந்த நாட்டின் சாதாரணக் குடும்பக் கார்கள். கையில் இருப்பதை எடுத்து, வேண்டாததைக் கழற்றி, மிஞ்சியதிலிருந்து வேகத்தை உண்டாக்கிய இருவரையும் நான் ஒரே பரம்பரையில்தான் வைக்கிறேன்.

கோவைப் பையனான நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகினார். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995இல், 41 வயதில், சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் நிற்கிறது. சென்னைக்காரரான கருண் சந்தோக் 2011இல் ஜெர்மன் கிராண்ட் பிரியில் டீம் லோட்டஸ் என்ற பெயர் தாங்கிய காரை ஓட்டினார். அது மலேசிய முதலீட்டில் எழுந்த புது அணி, சாப்மனின் அணி அல்ல. ஆனாலும் சோழவரம் பந்தயங்களை வளர்த்த குடும்பத்தின் பேரன் அந்தப் பெயரைத் தாங்கிய காரில் உட்கார்ந்தது எனக்கு மகிழ்ச்சியான செய்தி.

சாப்மன் 1982இல் மாரடைப்பால் இறந்தார். நிறுவனம் கைமாறிக் கைமாறி ஓடியது. 1996இல் வந்த எலிஸ், அலுமினியப் பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டத்தோடு, ஏறக்குறைய 725 கிலோ எடையில் பழைய நெறியை மீட்டது. 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் லோட்டஸில் பெரும்பங்கை வாங்கியது. இப்போது வூஹானில் செய்யும் எலெட்ரே என்ற மின்சார எஸ்யூவி லோட்டஸ் பெயரில் விற்கிறது. எடை சுமார் இரண்டரை டன். 2023இல் லோட்டஸ் அதிகாரப்பூர்வமாக இந்தியாவுக்குள் வந்தபோது கொண்டுவந்த வண்டியும் அதுதான். விலை இரண்டரைக் கோடியைத் தாண்டியது. மூன்று ஹெரால்டின் எடையுள்ள ஒரு கார் லோட்டஸ் என்ற பெயருக்கு உரியது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேட்டரியின் கனம் ஒரு காரணம் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கனத்தை எதிர்த்து மல்லுக்கட்டுவதுதான் அந்தப் பெயருக்குரிய வேலையாக இருந்தது.

கனம் கூடியது லோட்டஸில் மட்டும் அல்ல. தென்னூர் உழவர் சந்தைப் பக்கம் காலையில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு கட்டுக் கீரை வாங்க ஒருவர் ஒன்றரை டன் வண்டியில் தனியாக வந்து இறங்குகிறார். அதே சாலையில் மிதிவண்டியில் மூட்டை ஏற்றிப் போகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது. எடை கூடக்கூட எரிபொருள் கூடும், டயர்த் தூசி கூடும், மோதினால் எதிராளியின் உயிருக்கு ஆபத்தும் கூடும். உள்ளே இருக்கிறவருக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கும் கனம், வெளியே நடக்கிறவரின் மேல் ஏற்றிய பாரம்.

திருச்சிக்கு இந்த விஷயத்தில் சொல்ல ஒன்று உண்டு என்று நம்புகிறேன். இது குழாயும் பற்றவைப்பும் தெரிந்த ஊர். பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை 1965இலிருந்து உயர் அழுத்தக் கொதிகலன்களைச் செய்கிறது. மூட்டில்லாத எஃகுக் குழாய்களைச் செய்யும் பிரிவும், பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அதே வளாகத்தில் இருக்கின்றன. பொன்மலைப் பணிமனையில் இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களைச் செப்பனிட்டார்கள். துவாக்குடியில் சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், பக்கத்தில் என்.ஐ.டி. மெல்லிய குழாயை ஓட்டை விழாமல், வளையாமல் பற்றவைக்கும் கை இங்கே தெருவுக்கு ஒன்று கிடைக்கும். சாப்மனிடம் ஒரு குதிரை லாயமும் 25 பவுண்டும் இருந்தன. நம்மிடம் அதைவிட மிக அதிகமாக இருக்கிறது.

செட்டிபாளையத்தில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த சிறு பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். எடையைக் குறைக்கச் சட்டத்தின் ஒவ்வொரு குழாயையும் பிள்ளைகள் விவாதிக்கும் இடம் அது. அந்தப் படிப்பு போட்டியோடு நின்றுவிடக் கூடாது. சரக்கு ஆட்டோவுக்கும், மின்சார மூன்று சக்கர வண்டிக்கும், பஸ் கூண்டுக்கும், சக்கர நாற்காலிக்கும் அது வந்தாக வேண்டும். கரூரில் கட்டும் ஒரு பஸ் கூண்டில் 200 கிலோ குறைந்தால் அந்த பஸ் ஓடும் ஆயுள் முழுக்க அந்தப் பாரத்துக்கான டீசல் மிச்சம்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை பொறியியல் படித்தால் ஒன்று செய்யுங்கள். மூத்த மெக்கானிக் ஒருவரின் பட்டறைக்கு அழைத்துப் போய்ப் பழைய ஹெரால்டின் முன்பாகத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் துண்டு எதைத் தாங்குகிறது, எதை எடுத்தால் வண்டி ஓடும், எதை எடுத்தால் ஆள் சாவான் என்று அந்தப் பிள்ளை தானே சொல்லும்வரை அங்கேயே இருக்கட்டும். ஹெரால்டைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போக வேண்டும்.